நீ செனகல் போவதற்கு முன்

அன்புள்ள ஆரணி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனபிறகு, அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, முதியோர் இல்லத்து வேலைக்கு வெளிக்கிடும்போது, சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்கள் அவளிட்டச் சொல்லத்தான் வேணும். நான் சொல்லேலாது. இது உங்கட கதை." அவள் சொன்ன கதை அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணமான வருசம் ஒருமுறை அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அதைப்பற்றி ஒரு சொல் வந்ததில்லை. ஃபோனில் சொல்லலாம் என்று உன் இலக்கத்தை இரண்டு தரம் அழுத்தி, மணி அடிக்கும் முன்பே நிறுத்திவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். என் தமிழ் எழுத்தை நீ கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். ஆனால் என்னுடைய ஜேர்மன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் படித்த ஜேர்மன். அதில் மன்னிப்புக் கேட்கத் தெரியும், நடந்ததைச் சொல்லத் தெரியாது. பொறுமையாக வாசி.

ஞாயிறன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நீ உன் ஆராய்ச்சியின் முதல் எழுத்துப்படியைக் கட்டி எடுத்துக்கொண்டு பிரேமனிலிருந்து வந்தாய். கனடாவின் வடக்கில் இருக்கிற கிறீ என்ற பூர்வகுடி மக்களையும் செனகல் கரையோரத்து மீன்பிடிச் சனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்கு என்ன கிடைக்கிறது, யாருக்கு என்ன இல்லாமல் போனது என்று எழுதியிருக்கிறாய். கிறீ மக்களிடம் போன மாரியில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாய். இனிச் செனகலில் ஐந்து மாதம். "அப்பா, வாசிச்சிட்டுச் சொல்லுங்கோ" என்று என் பக்கத்தில் அதை வைத்தாய். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, அங்கே மீனவர்களோடு வள்ளத்தில் ஒருநாள் கடலுக்குப் போகப்போவதாகச் சொன்னாய். நான் கத்தினேன். "கடலுக்குப் போறதெண்டால் திரும்பி இந்த வீட்டுக்கு வராதை" என்றேன். உனக்கு இந்த வயதில் சொல்லக்கூடிய வார்த்தையில்லை அது. எந்த வயதிலும் சொல்லக்கூடியதில்லை. நீ எழும்பி நின்று, சத்தம் போடாமல் சொன்னாய்: "உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம், அப்பா. எனக்கு அதையே தந்து தந்து வளர்த்துப்போட்டீங்கள். எனக்கு இனி ஏலாது." அடுத்த ரயிலில் போய்விட்டாய்.

அதன்பிறகு, வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் நான்கு பின்னேரம் இருந்து உன் எழுத்தை வாசித்தேன். அகராதியும் வைத்துக்கொண்டுதான். விளங்காத இடங்களை இரண்டு தரம் வாசித்தேன். நீ தங்கியிருந்த வீட்டு அக்னஸ் என்ற அந்தக் கிறீப் பெண்மணியைப்பற்றி எழுதிய பகுதி எனக்கு முழுதாக விளங்கியது. பணக்கார நாட்டின் குடிமக்கள், ஆனால் குழாயில் வருகிற தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக்கூடாது. மூன்று அறை வீட்டில் பதினொரு பேர், சுவரில் பூஞ்சணம், சின்னதுகளுக்கு விடாத இருமல். பாலும் பழமும் விமானத்தில் வருவதால் தொட முடியாத விலை. மான் வேட்டைக்கும் தாரா வேட்டைக்கும் போகிற வீடுகளில்தான் நல்ல இறைச்சி, ஆனால் வேட்டைக்குப் போகப் பெற்றோலுக்குக் காசு வேண்டும். அக்னஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளைத் தாயிடமிருந்து பிரித்து, தூரத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டுத் தன் பாசையைப் பேசினால் அடித்திருக்கிறார்கள். இப்போது அறுபது தாண்டிவிட்டது. இன்றைக்கும் வீட்டு வாசலில் தெரியாத கார் ஒன்று நின்றால், யன்னலுக்கு நேரே வராமல், ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்தினேன். நானும் அப்படித்தான் பார்ப்பேன். நீ சின்ன வயதில் என் பின்னால் நின்று அதைப் பழகி, அப்படியே செய்து காட்டிச் சிரித்திருக்கிறாய். உனக்கு ஞாபகமிருக்காது.

நீ அங்கே இருந்த அந்த மாரியை நான் எப்படிக் கழித்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. பனிப்புயல் வந்து நான்கு நாள் உன்னிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பத்துப் பேர் இருக்கிற சின்ன விமானத்தில் நீ போன படத்தை அனுப்பியிருந்தாய். அந்தப் படத்தை அழித்துவிட்டேன். தொழிற்சாலையில் மெசின் முன்னால் நின்றுகொண்டு, அந்த ஊரின் குளிர் எத்தனை பாகை என்று மணிக்கு ஒருதரம் ஃபோனில் பார்த்தேன். மேற்பார்வையாளர் வந்து, உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டார். அம்மா இங்கே பக்கத்தில் ஊன்ட்றொப் கோயிலுக்குப் போய் இருந்துவிட்டாள். எனக்குக் கோயிலுக்குள் போகவும் பயமாக இருந்தது. கும்பிட்டுக் கேட்டால், எனக்குக் கேட்க என்ன உரிமை என்று ஒரு நினைப்பு வரும். ஏன் அந்த நினைப்பு என்று இனிச் சொல்லப்போகிறேன்.

செனகல் பகுதி இன்னும் முடியவில்லை என்றாய். புத்தகங்களிலிருந்தும், ஃபோனில் அங்குள்ள சிலரோடு கதைத்ததிலிருந்தும் எழுதியது என்றாய். அங்கே சொந்த அரசு, சொந்தக் கொடி, சொந்தப் பாசை எல்லாம் இருக்கிறது. ஆனால் பெரிய கப்பல்கள் வந்து அள்ளிக்கொண்டு போவதால் கரையில் மீன் இல்லை. மீனைப் புகையில் வாட்டி விற்ற பெண்களுக்கு வாட்ட மீன் இல்லை. ஆகவே பெடியன்கள் வள்ளத்தில் ஐரோப்பாவுக்கு வெளிக்கிடுகிறார்கள். ஊரில் மாடி வைத்த வீடு என்றால் அந்த வீட்டில் ஒருவன் வெளிநாட்டில் இருக்கிறான். கிறீ மக்களிடமிருந்து பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள், செனகலில் பிள்ளைகள் தாங்களாகவே போகிறார்கள், இரண்டு இடத்திலும் வீட்டில் மிஞ்சுவது காத்திருக்கிற தாய்தான் என்று எழுதியிருக்கிறாய். படித்தவர்கள் அதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது. எனக்குச் சரி என்று பட்டது. அதற்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டவர்களைப்பற்றி ஒரு அத்தியாயம். ஐரோப்பாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவன் பகலில் வெளியே வரமாட்டான், விடுமுறையில் வந்திருக்கிறான் என்று வீட்டார் சொல்லுவார்கள், பிறகு அதையும் சொல்லாமல் விடுவார்கள். அப்படிப்பட்ட வயதானவர்கள் ஏழெட்டுப் பேரைத் தேடிப் பிடித்துக் கதைக்கப்போகிறாய். அதில் ஜேர்மனியிலிருந்து அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக முன்னுரைக்கு வந்தேன். அதை நீ முதலில் வைத்திருந்தாய், நான் பயத்தில் கடைசியாக வாசித்தேன். என்னைப்பற்றி எழுதியிருக்கிறாய் என்று அம்மா சொல்லியிருந்தாள். "என் தந்தை ஒரு அகதியாக இந்த நாட்டுக்கு வந்தார், யாருடைய இடத்தையும் பறிக்காமல், யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்ந்தார்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை வாசித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. தாளை மூடி வைத்துவிட்டு முகம் கழுவினேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்கு வந்து, பிறகு இந்தப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில் அகதிகள் தங்கும் ஹைமில் போடப்பட்டேன் என்பது உனக்குத் தெரியும். அறையில் என்னோடு இருந்தவனைப்பற்றி நான் சொன்னதில்லை. அவன் பெயர் இப்ரா. செனகல்காரன், கரையோரத்தான், என்னிலும் இரண்டு வயது மூத்தவன். தகப்பன் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டார். தாயும் ஐந்து சகோதரங்களும் இவன் அனுப்பப்போகிற காசைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் முறிந்த ஜேர்மன்தான். ஒரு வருசம் ஒரே அறை. வெள்ளிக்கிழமைகளில் அவன் மீனும் சோறும் ஒரே பானையில் சமைப்பான், எங்கள் ஆட்கள் சிலர் மணக்கிறது என்று முகம் சுழிப்பார்கள், நான் ஒளித்து வைத்துச் சாப்பிடுவேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து போய் மருந்து வாங்கி வந்தவன் அவன்.

ஒரு மத்தியானம் நான் பொதுக் குசினியில் உருளைக்கிழங்கு பொரிக்க எண்ணெய் வைத்தேன். கீழே கந்தோரில் கடிதம் வந்திருக்கிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். ஊரில் சண்டை நடந்த நேரம், வீட்டிலிருந்து கடிதம் வந்து நான்கு மாதம். அடுப்பை மறந்து ஓடினேன். கடிதம் எனக்கில்லை, வேறொருவருக்கு. திரும்பி வரும்போது படிக்கட்டில் புகை. எண்ணெய் பற்றி, திரைச்சீலை பற்றி, அலுமாரி எரிந்துகொண்டிருந்தது. மேல்மாடியில் ஒரு லெபனான் குடும்பத்துக் குழந்தை மூச்சுத் திணறி, அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் குழந்தை சுகமாகத் திரும்பி வந்தது. வராமல் விட்டிருந்தால் நான் இன்றைக்கு என்னவாக இருப்பேன் என்று நினைக்க இப்போதும் பயமாக இருக்கிறது. தீயை அணைத்தது இப்ரா. நனைத்த போர்வையோடு உள்ளே போய்ச் சட்டியை மூடி வெளியே கொண்டுவந்தான். கை வெந்துவிட்டது. பொறுப்பாளர் ஓடிவந்தபோது, குசினிக்குள் சட்டியோடு நின்றவன் அவன்தான். மீன் மணத்துக்காக ஏற்கெனவே அவனோடு கொழுவிக்கொண்டிருந்த மனிதர். இவன்தான் கொளுத்தினான் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

பின்னேரம் பொலிஸ் வந்தது. அதற்கு முன், எங்களோடு இருந்த வயதில் மூத்த அண்ணை ஒருவர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, உமக்குச் செவ்வாய்க்கிழமை விசாரணைக்குத் தெர்மீன் குறிச்சிருக்கு. வாயைத் திறந்தீரெண்டால் நீர் போட்ட அகதி அன்ராக் அதோட சரி. உம்மை அனுப்பினால் அங்க ஆமி நிக்குது. அவனை அனுப்பினால் அவனுக்கு அங்க ஒண்டும் நடக்காது." நான் அவர்மேல் பழி போடவில்லை. அவர் சொன்னதைக் கேட்டது நான்தான். மொழிபெயர்ப்பாளர் என்னிடம், நீர் எங்கே நின்றீர் என்று கேட்டார். "நான் அறையில படுத்திருந்தனான். ஒண்டும் தெரியாது" என்றேன். கதவு திறந்திருந்தது. வெளியே வாங்கில் இப்ரா, கையில் கட்டோடு குந்தியிருந்தான். தமிழ் விளங்காது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அதை ஜேர்மனில் சொன்னது அவனுக்குக் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். அது என்னுடைய சட்டி என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய முறை வந்தபோது, தான் செய்யவில்லை என்று மட்டும் சொன்னான். யார் என்று கேட்டபோது, தெரியாது என்றான்.

நான்கு நாளில் அவனை வேறு நகரத்துக்கு மாற்றினார்கள். ஒரு கையால் உடுப்பு மடிக்க முடியாமல் இருந்தான். நான் மடித்துக் கொடுத்தேன். பையைத் தூக்கும்போது, "உனக்குச் செவ்வாய்க்கிழமைதானே தெர்மீன்?" என்று கேட்டான். ஓம் என்றேன். "நன்றாகச் சொல்லு" என்றான். அவ்வளவுதான். அவன் உண்மையாகவே வாழ்த்தினானா, அல்லது பொய் சொல்லத் தெரிந்தவன்தானே என்று குத்தினானா, இத்தனை வருசமாகியும் எனக்குத் தெரியாது. அடுத்த வருசம், அவனுடைய அன்ராக்கை நிராகரித்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த நெருப்பினால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்கு விசா கிடைத்தது. வேலை கிடைத்தது, அம்மா வந்தாள், நீ பிறந்தாய்.

நான்காம் வகுப்பில் உங்கள் மீன்தொட்டி உடைந்தது உனக்கு ஞாபகமிருக்கும். டொக்டரின் மகன் உடைத்ததை நீ கண்டாய். ஆசிரியை ஒரு போலந்துப் பெடியனைக் குற்றம் சாட்டினார். நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது, "நீ ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லு" என்றேன். நீ மாட்டேன் என்றாய். அன்றைக்குத்தான் உன்னை முதலும் கடைசியுமாக அடித்தேன். அடுத்த நாள் நீ போய் ஆசிரியையிடம் உண்மையைச் சொல்லிவிட்டாய். ஒரு கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஏதாவது கடிதம் வரும் என்று தபால்பெட்டியை நான் திறக்காமல் அம்மாவைத் திறக்கச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெடியனின் தாய் மட்டும் ஒரு கேக்கோடு வந்து மணியடித்தாள், நீ கதவைத் திறந்தாய், நான் குளியலறைக்குள் போய் நின்றேன். ஒன்பது வயதில் உன்னால் முடிந்தது இருபத்திநான்கு வயதில் என்னால் முடியவில்லை. நான் உன்னை அடித்தது கோபத்தினால் இல்லை, பிள்ளை. என்னைவிட நீ பெரியவளாக நின்றதைப் பார்த்த பயம்.

ஆகவே அந்த வரியை எடுத்துவிடு. இது என் முதல் வேண்டுகோள். என்னைப்பற்றி எழுதாமலே விடலாம், அல்லது நடந்ததை எழுதலாம், அது உன் விருப்பம். அக்னஸின் பயத்தையும் என் பயத்தையும் ஒன்றாக வைக்க வேண்டாம் என்றும் கேட்கிறேன். அவளுக்கு மற்றவர்கள் செய்ததால் வந்த பயம். என்னுடையதில் பாதி ஊரில் ஆமி தந்தது, பாதி நானே தேடிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் யன்னல் ஓரத்தில் ஒரே மாதிரித்தான் நிற்கும்.

ஞாயிறன்று கடலை நினைத்துக் கத்தினேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். கடலுக்கும் பயம்தான். இப்ராவின் தகப்பனின் கதை கேட்டதிலிருந்து அந்தக் கடலுக்குப் பயம். ஆனால் அதைவிட அந்தக் கரைக்குப் பயந்தேன். நீ ஏதோ ஒரு வீட்டு முற்றத்தில் பாயில் இருந்து, ஒரு வயதான மனிதரிடம் கேள்வி கேட்பாய். அவருடைய ஒரு கையில் பழைய தழும்பு இருக்கும். அவர் உன்னிடம், நீ எந்த நாட்டுப் பிள்ளை, உன் தகப்பன் எப்படி ஜேர்மனிக்கு வந்தார் என்று கேட்பார். நீ பெருமையாகச் சொல்லுவாய். இதைத்தான் கண்ணை மூடினால் காண்கிறேன். செனகல் பெரிய நாடு, அவன் எந்த ஊர் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது, உயிரோடு இருக்கிறானோ தெரியாது. அம்மா இதைச் சொல்லிப் பேசினாள். பயத்துக்கு அந்தக் கணக்கு விளங்குவதில்லை.

போகத்தான் போகிறாய். போ. வள்ளத்தில் ஏறினால் மிதவைச் சட்டை போட்டுக்கொள், அவர்கள் போடாவிட்டாலும் நீ போடு, வெட்கப்படாதே. கரைக்கு வந்ததும் இரண்டு சொல் அனுப்பு. திரும்பி வந்தவர்களோடு கதைக்கும்போது பொறுமையாக இரு. அவர்கள் யாரையாவது காப்பாற்றுவதற்காகவும் தெரியாது என்று சொல்லுவார்கள், அதை உடைத்துக் கேட்காதே. பெயரை எழுதுமுன், எழுதினால் அந்த மனிதருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று ஒருதரம் யோசி. கிறீ மக்களிடம் நீ எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டிவிட்டு வந்தாய் என்று சொன்னாய். அங்கேயும் அப்படிச் செய். கையில் தழும்போடு அப்படி ஒருவரைக் கண்டால், கண்டேன் என்று எனக்குச் சொல்லு. ஒளிக்காதே. நான் பயப்படுவேன் என்று ஒளிக்காதே.

இதை அம்மா வாசித்துவிட்டாள். ஒரு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினாள். நாளைக்குக் காலை தபாலில் போடுகிறேன், வியாழன் உனக்குக் கிடைக்கும். சனிக்கிழமை நான் பிரேமனுக்கு வாறேன். இங்கே ஹம்மிலிருந்து காலை ரயில், மத்தியானத்துக்கு முன் உன் வாசலில் நிற்பேன். மணியை ஒருதரம்தான் அடிப்பேன். நீ திறக்காவிட்டால், அம்மா தருகிற சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, எதிரில் இருக்கிற பஸ் தரிப்பிடத்தில் பின்னேர ரயில் நேரம் வரைக்கும் இருப்பேன். உன் யன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்தான் இருப்பேன்.

அப்பா